வேலைத்திறனை அளத்தல்: மனச்சிதைவு நோயாளருக்கான அறிதிறன் மறுவாழ்வின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மனச்சிதைவு நோய்க்கு ஆளானோர் வேலைக்குச் செல்ல உதவும் அறிதிறன் மறுவாழ்வுப் பயிற்சிகள் 1990களுக்குப் பின் உருவான புதிய முறை என்றே பெரும்பாலும் எழுதப்பட்டு வருகின்றன. அம்முறையின் வேர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த உழைப்பு அளவீட்டுச் சோதனைகளில் உள்ளன என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. வேலைத்திறன் நோயாளிக்குள் இருக்கும் நிலையான பண்பா, அவருக்கு அருகில் நிற்கும் உதவியைப் பொறுத்து மாறும் ஒன்றா என்னும் வினாவே இவ்வரலாற்றை இயக்கியது என்பது கட்டுரையின் வாதம். இந்தியச் சட்டங்களில் அவ்வினா எடுத்துள்ள வடிவமும் இறுதியில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மனச்சிதைவு, அறிதிறன், மறுவாழ்வு, வேலைத்திறன், மனநல மருத்துவ வரலாறு.

முன்னுரை

மனச்சிதைவு என்றதும் பொதுமக்கள் நினைவுக்கு வருபவை காதில் கேட்கும் குரல்களும் ஆதாரமற்ற ஐயங்களுமே. மருந்துகள் இவற்றைப் பலருக்குத் தணிக்கின்றன. ஆயினும் குரல்கள் அடங்கிய பின்னரும் வேலை கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை. மேற்பார்வையாளர் வரிசையாகச் சொன்ன மூன்று ஆணைகளில் இரண்டாவது மறந்துபோகிறது. ஒரு பணியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முந்தைய பணியின் விதியே கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கவனம், நினைவாற்றல், திட்டமிடும் திறன் ஆகியவற்றில் நேரும் இத்தகைய குறைகளையே ஆய்வாளர்கள் அறிதிறன் குறைபாடு என்கின்றனர். வேலைவாய்ப்பு, சமூக வாழ்க்கை ஆகியவற்றோடு இக்குறைகளுக்கு உள்ள தொடர்பை, அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து மைக்கேல் கிரீன் 1996இல் எழுதிய கட்டுரை கவனத்துக்குக் கொண்டுவந்தது. துறையின் வரலாறு பெரும்பாலும் அந்த ஆண்டிலிருந்தே தொடங்கப்படுகிறது. அது மிகவும் பிந்திய தொடக்கம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கலைச்சொல் பற்றி இங்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்நோய்க்கு எமில் கிரேப்பலின் இட்ட பெயர் இளமையிலேயே வரும் அறிவழிவு எனப் பொருள்படும். அப்பெயரை மறுத்த ஆய்கன் புளூலர், மனம் பிளவுறுதல் எனப் பொருள் தரும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 1908இல் புதிய பெயரை அமைத்தார். தமிழில் மனப்பிளவு, மனச்சிதைவு என்னும் இரு வழக்குகளும் உள்ளன. பின்னதே இன்று வேரூன்றியுள்ளது. பிளந்தது பொருந்தலாம், சிதைந்தது மீள்வது அரிது. ஆகவே புளூலரின் சொல்லைப் பெயர்க்க முயன்ற தமிழ், அறியாமலே கிரேப்பலின் பக்கம் சாய்ந்துவிட்டது எனலாம். ஜப்பானியர் தம் மொழியிலிருந்த ‘மனம் பிளந்த நோய்’ என்னும் பெயரை 2002இல் மாற்றிக்கொண்டனர். தமிழில் அத்தகைய விவாதம் இன்னும் முறையாக நடைபெறவில்லை. நிலைபெற்றுவிட்ட வழக்கு என்பதனாலேயே இக்கட்டுரையிலும் மனச்சிதைவு என்னும் சொல் ஆளப்படுகிறது.

கூட்டல் கணக்கும் வேலை வளைகோடும்

கிரேப்பலின் மனநோய்களை வகைப்படுத்தியவராகவே அறியப்படுகிறார். அவர் லைப்சிக் நகரில் வில்லெல்ம் வுண்ட்டிடம் சோதனை உளவியல் பயின்றவர் என்பதும், உள உழைப்பை அளப்பதில் பல்லாண்டுகள் ஈடுபட்டிருந்தவர் என்பதும் மருத்துவ வரலாற்றில் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட செய்திகள். அவர் கையாண்ட முதன்மைக் கருவி மிக எளியது. ஓரிலக்க எண்கள் வரிசையாக அச்சிடப்பட்ட தாளை ஒருவரிடம் கொடுத்து, அடுத்தடுத்த இரு எண்களை இடைவிடாமல் கூட்டிக்கொண்டே செல்லச் சொல்வது; குறித்த கால இடைவெளிதோறும் எத்தனை கூட்டல்கள் முடிந்தன எனக் கணக்கிடுவது. பயிற்சியால் வேகம் எவ்வாறு ஏறுகிறது, களைப்பால் எங்கே இறங்குகிறது, ஓய்வுக்குப் பின் எவ்வளவு மீள்கிறது என்பவற்றை வரைபடமாக்கி, 1902இல் அதற்கு ‘வேலை வளைகோடு’ எனப் பெயரிட்டார்.

இந்நோயைத் தம் பாடநூலின் 1896ஆம் ஆண்டுப் பதிப்பில் தனி நோயாக வரையறுத்தவரும், உழைப்பின் ஏற்ற இறக்கத்தை அதே ஆண்டுகளில் அளந்துகொண்டிருந்தவரும் ஒருவரே. இது தற்செயலன்று. கவனத்தை நிலைநிறுத்த இயலாமை, மன முயற்சியின் தளர்ச்சி ஆகியவற்றை அவர் நோயின் மையத்தில் வைத்தார். இவை உழைப்பின் மொழியில் சொல்லப்பட்ட அறிகுறிகள்.

அவ்வளைகோடு மருத்துவமனைக்குள் அடங்கி நிற்கவில்லை. ஆலைத் தொழிலாளரின் உழைப்புக்கு அதைப் பொருத்த முடியுமா என்பதை மாக்ஸ் வேபர் 1908–09இல் எழுதிய நீண்ட கட்டுரையில் ஆராய்ந்து, ஆய்வுக்கூட அளவீட்டை ஆலைக்கு அப்படியே கொண்டுசெல்வதன் இடர்ப்பாடுகளைச் சுட்டினார். ஜப்பானில் உச்சிதா யூசாபுரோ அதே கூட்டல் முறையைத் திருத்தி அமைத்தார். உச்சிதா–கிரேப்பலின் சோதனை என வழங்கும் அது, அந்நாட்டில் ஆட்களை வேலைக்குத் தேர்ந்தெடுக்கப் பல பதின்மங்களாகப் பயன்பட்டு வருகிறது. மனச்சிதைவை மீளாத அறிவழிவு என்று கருதியவரின் கருவி, வேலை வாயிலில் காவல் நிற்கும் தேர்வாக மாறியது.

புளூலரின் பார்வை வேறு. சூரிச் நகரின் புர்க்ஹெல்ஸ்லி மருத்துவமனையில் இருந்து 1911இல் அவர் வெளியிட்ட நூலில், எண்ணத் தொடர்புகளின் தளர்ச்சியே நோயின் அடிப்படை எனவும், புலனறிவும் நினைவும் தம்மளவில் கெடுவதில்லை எனவும் வாதிட்டார். மனிதநேயமான இக்கருத்துக்கு ஒரு பின்விளைவும் இருந்தது. கெடாததைப் பயிற்றுவிக்க வேண்டியதில்லை அல்லவா? அடுத்த பல பதின்மங்களுக்கு நோயாளரின் நினைவையும் கவனத்தையும் சீர்செய்யும் முயற்சி மனநல மருத்துவத்தில் பின்தங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். விதிவிலக்காக, அமெரிக்காவின் வூஸ்டர் அரசு மருத்துவமனையில் டேவிட் ஷாக்கோ மறுவினை நேரத்தைத் தொடர்ந்து அளந்துவந்தார்.

அறிதிறனைப் பயிற்சியால் மீட்கலாம் என்னும் எண்ணம் வளர்ந்த இடம் வேறு. முதல் உலகப் போரில் தலையில் குண்டடி பட்டு மீண்ட வீரர்களுக்காகக் கொலோன் நகரில் வால்தர் போப்பல்ராய்ட்டரும், பிராங்க்பர்ட்டில் குர்ட் கோல்ட்ஸ்டைனும் நடத்திய மருத்துவமனைகளே அவை. அங்கே சோதனை அறைக்கு அருகிலேயே தொழிற்பட்டறையும் இருந்தது. மூளைக் காயமுற்றவருக்குத் திறன் இழப்பு ஏற்பட்டால் அது காயம், பயிற்சி தரத்தக்கது. மனச்சிதைவு நோயாளருக்கு அதே இழப்பு ஏற்பட்டால் அது விதி. இந்த வேறுபாடு அறிவியலிலிருந்து மட்டும் வந்ததன்று. போர்வீரருக்கு நாடு கடன்பட்டிருந்தது.

தோட்டத்திலிருந்து படிவத்துக்கு

ஜெர்மனியின் வார்ஸ்டைன் நகரில் புதிய மனநல மருத்துவமனை அமைக்கப்பட்ட காலத்தில், ஆள் பற்றாக்குறையால் தோட்ட வேலைக்கு நோயாளரையே இறக்கினார் ஹெர்மான் சிமோன். படுக்கையில் கிடத்தி வைப்பதே சிகிச்சை என்றிருந்த நாளில், வேலை செய்தோர் அமைதியுற்றதையும் விடுதிகளின் கூச்சல் குறைந்ததையும் அவர் கண்டார். பின்னர்க் குட்டர்ஸ்லோ மருத்துவமனையில் இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்து, வேலைகளை எளியதிலிருந்து கடியதாக ஐந்து படிகளாக வகுத்தார். 1929இல் வெளிவந்த அவரது நூல் ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டது. நோயாளியின் நலமான பகுதியை நோக்கிப் பேச வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்றைய மறுவாழ்வுத் துறை அவரை முன்னோடியாகக் கொண்டாடுவதில் நியாயம் உண்டு.

ஆனால் படிகள் ஏறுவதற்கு மட்டும் பயன்படுவதில்லை; யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று பதிவதற்கும் பயன்படுகின்றன. 1939 அக்டோபர் முதல் நாஜி அரசு மனநல மருத்துவமனைகளுக்கு ஒரு பதிவுப் படிவத்தை அனுப்பியது. நோயின் பெயர், மருத்துவமனையில் கழித்த ஆண்டுகள், உறவினர் வந்து பார்க்கின்றனரா என்பவற்றோடு நோயாளி செய்யும் வேலை என்ன என்ற கேள்வியும் அதில் இருந்தது. உடன் வந்த குறிப்பில், வேலைக்கு உதவாத, அல்லது இயந்திரத்தனமான வேலைக்கு மட்டுமே உதவும் மனச்சிதைவு நோயாளரைத் தவறாமல் பதியுமாறு கூறப்பட்டிருந்தது. இப்படிவங்களைக் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 1940 ஜனவரி முதல் 1941 ஆகஸ்ட் வரை ஆறு கொலைக்கூடங்களில் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். கொலையாளிகளின் கணக்கேட்டிலேயே உள்ள எண்ணிக்கை 70,273. கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறைக் காப்பகத்தில் இருந்து 1990க்குப் பின் வெளிவந்த ஏறத்தாழ 30,000 நோயாளர் கோப்புகளை ஆராய்ந்தோர், உயிரா சாவா என்பதைத் தீர்மானித்த காரணிகளுள் வேலைத்திறன் மதிப்பீடே முதன்மையானது என்று கண்டனர்.

மறுவாழ்வுத் துறையின் பாடநூல்கள் சிமோனின் தோட்டத்திலிருந்து நேரே 1950களின் பட்டறைகளுக்குத் தாவிவிடுகின்றன. இடைப்பட்ட இந்த ஆண்டுகளைத் தாண்டிச் செல்வது முறையன்று. வேலை நோயாளிக்கு நன்மை தரும் என்பது ஒரு மருத்துவக் கூற்று. வேலையே நோயாளியின் மதிப்பு என்பது முற்றிலும் வேறான கூற்று. முதலாவதற்காகத் தொகுத்த பதிவேடு இரண்டாவதற்குக் கைகொடுக்கும் என்பதை அந்தப் படிவம் மெய்ப்பித்தது.

பட்டறைகள்

பாரிசின் சான்ட்-ஆன் மருத்துவமனையில் 1952இல் குளோர்புரோமசின் பயன்பாட்டுக்கு வந்தபின், நோயாளரை வெளியே அனுப்பும் வாய்ப்புப் பெருகியது. பிரிட்டனில் போருக்குப் பின் ஆள் தேவை மிகுந்திருந்தது. ஆப்ரி லூயிஸ் தலைமையில் 1948இல் தொடங்கிய ஆய்வுப்பிரிவைச் சேர்ந்தோர், நெடுங்கால நோயாளரும் கூலி வேலைகளைக் கற்றுக்கொள்கின்றனர் என்று காட்டினர். பிரிஸ்டல் நகரில் டோனல் எர்லி 1960இல் தொடங்கிய தொழில்சிகிச்சை அமைப்பு, மருத்துவமனைக்கு வெளியே ஆலைச் சூழலையே உருவாக்கியது. ஜான் விங், ஜார்ஜ் பிரவுன் இருவரும் மூன்று ஆங்கிலேய மருத்துவமனைகளை எட்டாண்டுகள் ஒப்பிட்டு 1970இல் வெளியிட்ட நூல் இக்காலத்தின் சிறந்த ஆவணம். நோயாளர் ஒன்றும் செய்யாமல் கழிக்கும் நேரம் குறைந்ததே அவர்களது முன்னேற்றத்தோடு மிக நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது என்பது அவர்களின் முடிவு.

பட்டறைகளில் கற்றோர் வெளிச்சந்தையில் வேலை பெற்றனரா? சிலர் பெற்றனர், பலர் பட்டறையிலேயே தங்கினர். 1970களில் வேலையின்மை பெருகியபோது அந்தப் பாதையும் குறுகியது. குணமடைவோரின் விகிதம் மருந்தின் வரவைக் காட்டிலும் வேலைச்சந்தையின் நிலையையே பின்தொடர்ந்திருக்கிறது என்று ரிச்சர்டு வார்னர் 1985இல் வாதிட்டார். அவருடைய புள்ளிவிவரக் கையாளல் மறுப்புக்கு உட்பட்டதே. ஆயினும் ஆள் தேவைப்படும்போது மட்டும் நோயாளரின் திறன் மருத்துவர் கண்ணுக்குத் தெரிகிறது என்னும் அவரது கருத்தை, சிமோனின் தோட்டம் முதல் பிரிஸ்டல் பட்டறை வரை எல்லாமே வலுப்படுத்துகின்றன.

அட்டைச் சோதனை

இவ்வரலாற்றில் திருப்பம் ஒரு தோல்வியாகப் பதிவு செய்யப்பட்டது. விஸ்கான்சின் அட்டைச் சோதனையில் ஒருவர் அட்டைகளை நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகிய மூன்றில் ஒன்றைக் கொண்டு பிரிக்க வேண்டும். எதைக் கொண்டு என்பது சொல்லப்படாது. வைத்தது சரியா தவறா என்பது மட்டும் சொல்லப்படும். பத்து முறை தொடர்ந்து சரியாக வைத்ததும் விதி அறிவிப்பின்றி மாறிவிடும். மனச்சிதைவு நோயாளர் பலர் பழைய விதியையே விடாமல் பற்றிக்கொள்வர்.

டெர்ரி கோல்ட்பர்க், டேனியல் வைன்பெர்கர் முதலியோர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், நீண்டகால நோயாளருக்கு இச்சோதனையைக் கற்பிக்க முயன்றனர். விதிகளை விளக்கினர், பயனில்லை. ஒவ்வோர் அட்டையாக எங்கே வைப்பது, ஏன் என்று அருகிலிருந்து சொன்னபோது நோயாளர் சரியாகச் செய்தனர். சொல்வதை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பினர். மூளையின் முன்பகுதிக் கோளாறு கற்பித்தலுக்கு இணங்காது என்பதற்கு இதுவே சான்றாகக் கொள்ளப்பட்டது.

மூன்றே ஆண்டுகளில் ஆலன் பெல்லக்கும் அவர் குழுவினரும் இம்முடிவை மறுத்தனர். விளக்கத்தோடு சிறு தொகையை ஊக்கமாகச் சேர்த்துக் கற்பித்தபோது நோயாளர் முன்னேறினர். மறுநாளும் அம்முன்னேற்றம் நீடித்தது. இதன்பின் பயிற்சி முறைகள் விரைந்து பெருகின. லண்டனில் டில் வைக்ஸ் வளர்த்தெடுத்த முறை இவற்றுள் குறிப்பிடத்தக்கது. தாளும் பென்சிலும் கொண்டு, தவறு நேராத அளவுக்கு எளிய பணியில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாக்கி, ‘இதை எப்படி நினைவில் வைக்கலாம்?’ என்று நோயாளியே தமக்குள் கேட்டுக்கொள்ளப் பழக்குவது அது.

1987ஆம் ஆண்டு ஆய்வை இன்று மீண்டும் படிக்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. அருகில் ஒருவர் நின்றவரை நோயாளர் அப்பணியைச் செய்தனர். ஆய்வாளர் அதைத் தோல்வி எனப் படித்ததற்குக் காரணம், திறன் என்பது தனித்து நிற்பது என்ற முன்முடிவு. கிரேப்பலினின் தாளின் முன் தனியே அமர்ந்து கூட்டியவரின் உருவமே அங்கும் அளவுகோலாக இருந்தது. உதவியை நிறுத்தாமல் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும்?

அருகில் நிற்பவர்

அக்கேள்விக்கு விடை வேலைவாய்ப்புத் துறையிலிருந்து வந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் டெபோரா பெக்கர், ராபர்ட் டிரேக் இருவரும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை, ‘முதலில் பயிற்சி, பிறகு வேலை’ என்ற வரிசையைத் தலைகீழாக்கியது. விரும்பியவரை உடனே வெளிச்சந்தை வேலையில் அமர்த்துவது, பிறகு கால வரையறையின்றி ஆதரவு தருவது. ஐரோப்பாவின் ஆறு மையங்களில் 312 பேரைக் கொண்டு நடந்து 2007இல் வெளியான ஆய்வில், இம்முறையில் சேர்ந்தோருள் 55 விழுக்காட்டினர் வேலை பெற்றனர். வழக்கமான தொழிற்பயிற்சி பெற்றோருள் 28 விழுக்காட்டினரே பெற்றனர்.

எனினும் ஏறத்தாழப் பாதிப் பேர் வேலை பெறவில்லை. இங்கேதான் இரு ஓடைகளும் கலந்தன. கனெக்டிகட்டின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் மோரிஸ் பெல் ஊதியப் பணியோடு கணினிவழி அறிதிறன் பயிற்சியை 26 வாரங்கள் இணைத்துப் பார்த்தார். சூசன் மெக்கர்க் உருவாக்கிய திட்டத்தில் கணினிப் பயிற்சி 24 அமர்வுகள் மட்டுமே. அதைச் சுற்றியிருந்தவை இன்னும் முக்கியமானவை: முந்தைய வேலைகள் ஏன் நின்றுபோயின என்று நோயாளியோடு அமர்ந்து ஆராய்தல், அவரது திறனுக்கு ஏற்ற வேலையைத் தேடுதல், ஆணைகளை எழுதி வைத்துக்கொள்வது போன்ற ஈடுசெய்யும் வழிகளைப் பணியிடத்திலேயே பழக்குதல். ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்புத் திட்டத்தில் முயன்றும் பயன் பெறாத 107 பேரிடம் நடத்தி 2015இல் அவர் வெளியிட்ட ஆய்வில், முழுத் திட்டமும் பெற்றோருள் 60 விழுக்காட்டினரும் ஒப்பீட்டுக் குழுவில் 36 விழுக்காட்டினரும் வேலை பெற்றனர்.

இவ்வாய்வு இக்கட்டுரையின் வாதத்துக்கு முழுவதும் சாதகமானது என்று கூற முடியாது. ஒப்பீட்டுக் குழுவினரின் பணியாலோசகர்களுக்கும் அறிதிறன் குறைகளைக் கையாளும் பயிற்சி தரப்பட்டிருந்தது. ஆகவே நோயாளிக்குள் நிகழும் மாற்றத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்றே கொள்ள வேண்டும். ஆனால் அப்பங்கு தனித்து நிற்பதன்று. 40 ஆய்வுகளையும் 2,104 பங்கேற்பாளரையும் உள்ளடக்கி வைக்ஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, அறிதிறன் பயிற்சி பிற மறுவாழ்வுப் பணிகளோடு இணையும்போதே அன்றாடச் செயற்பாட்டில் கூடுதல் பயன் தருகிறது என்று காட்டியது. கணினித் திரையில் மட்டும் பெற்ற மதிப்பெண் பணிமனை வரை தானாக நடந்து செல்வதில்லை.

இந்தியச் சூழல்

சென்னையில் 1984இல் சாரதா மேனன் முதலியோர் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், தொடக்கம் முதலே மறுவாழ்வையும் வேலையையும் தன் பணிகளுள் சேர்த்துக்கொண்டது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் அறிதிறன் மீள்பயிற்சி வேறு வடிவம் பெற்றது. கணினிக்குப் பதிலாக, குறித்த எழுத்துகளைத் தேடி அடித்தல், படத்துக்கு நிழலிடுதல், கலந்த தானியங்களை வகை பிரித்தல் போன்ற பணிகள். பயிற்றுநருக்குப் பதிலாக, வீட்டில் அருகிலிருக்கும் குடும்பத்தினர். முதன்முறை நோயுற்றோருக்கு வீட்டிலேயே இரு மாதப் பயிற்சி அளித்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. மேலைநாட்டில் ஊதியம் பெறும் பணியாலோசகர் நிற்கும் இடத்தில் இங்கே தாயோ மனைவியோ நிற்கிறார். அவரது உழைப்பை எந்த ஆய்வும் செலவுக் கணக்கில் சேர்ப்பதாகத் தெரியவில்லை.

சட்டத்தின் வரலாறு குறுகியது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயை ஊனங்களுள் ஒன்றாக ஏற்றது. ஆயினும் வேலை ஒதுக்கீட்டிலிருந்த 3 விழுக்காட்டைப் பார்வை, செவி, உடலியக்கக் குறைபாடுகளுக்கே பகிர்ந்தளித்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக உயர்த்தி, அதில் 1 விழுக்காட்டை மனநோய், புற உலகச் சிந்தனையின்மை, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய அனைத்துக்கும் பொதுவாக வைத்தது.

இந்த ஒதுக்கீட்டைப் பெற 40 விழுக்காட்டுக் குறைபாட்டுச் சான்று வேண்டும். அதற்கான அளவுகோல் இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கி 2002இல் நடைமுறைக்கு வந்த ‘ஐடியாஸ்’. தன் பராமரிப்பு, பிறரோடு பழகுதல், தொடர்பாடலும் புரிதலும், வேலை என நான்கு களங்களில் அது மதிப்பெண் இடுகிறது. வீட்டுப் பணியையும் படிப்பையும் வேலை என்னும் களத்திலேயே அது சேர்த்திருப்பது மேலை அளவுகோல்கள் பலவற்றினும் நுட்பமானது. ஆனால் வேலை செய்ய இயலாமை கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும். அம்மதிப்பெண்ணே வேலைக்கான கதவைத் திறக்கும். மறுவாழ்வுப் பயிற்சியால் முன்னேறி 40 விழுக்காட்டுக்குக் கீழே வந்த ஒருவர், அருகில் ஒருவர் நின்றால் மட்டுமே வேலை பார்க்க இயன்றவராயினும், ஒதுக்கீட்டுக்கு வெளியே நிற்கிறார்.

இதை 1939ஆம் ஆண்டுப் படிவத்தோடு ஒப்பிடுவது தவறு. அது கொல்லத் தொகுத்தது, இது உரிமை வழங்கத் தொகுப்பது. ஆயினும் இரண்டும் ஒரே கேள்வியை நோயாளியிடம் மட்டும் கேட்கின்றன. அவருக்கு அருகில் யார் நிற்கிறார், எவ்வளவு காலம் நிற்பார், அவருக்கு யார் ஊதியம் தருகிறார் என்று கேட்கும் கட்டம் சான்றிதழில் இன்றுவரை இல்லை.